முதல் கிண்ணம் வெர்னாவுக்கு

மே மாதத்து முதல் சனிக்கிழமை ஈஸ்ட் பார்ட்லோவில் பச்சைப் பை நாள். பனி கரைந்ததும் சாலையோரத்தில் வெளியே தெரிகிற குப்பையை ஊரே இறங்கிப் பொறுக்கும். மதியத்துக்குள் குப்பை நிறைந்த பச்சைப் பைகளை ஓரமாக நிறுத்திவிட்டு, சேறு அப்பிய காலணிகளோடு எல்லோரும் தீயணைப்பு நிலையத்துக்குச் சாப்பிட வருவார்கள். தீயணைப்பு வண்டியை வெளியே நகர்த்திவிட்டு அது நின்ற இடத்தில் நீள மேசைகள் போட்டிருக்கும். தரையில் எண்ணெய்க் கறைக்குப் பக்கத்தில் ஓர் இரும்பு நாற்காலியில் வெர்னா உட்கார்ந்திருப்பாள். மடியில் காலிக் கிண்ணம். இரண்டு கையும் முழங்கால் மேல்.

அவள் எழுந்திருக்கும் வரை யாரும் தட்டை எடுப்பதில்லை. மக்ரோனி அடுப்பில் சூடு ஆறாமல் மூடியிருக்கும், வாசம் வெளியே சாலை வரை வரும், ஆனாலும் நிற்பார்கள். பல வருஷமாக இப்படித்தான். புதிதாகக் குடிவந்த ஒருவர் இது ஏதோ பிரார்த்தனை என்று நினைத்துத் தொப்பியைக் கழற்றிக்கொண்டு தலை குனிந்து நின்றதும் உண்டு.

"வெர்னா இன்னும் நேரா உக்காந்திருக்காளா?" என்று வாசலிலிருந்து ஒருவர் கேட்பார்.

"இருக்கா, இருக்கா. கன்னத்துல ரத்தம் ஓடுது."

"அப்ப இன்னைக்குச் சாப்பாடு உண்டு."

சிரிப்பார்கள். வெர்னாவும் உதட்டை மட்டும் அசைத்துச் சிரிப்பாள். அவர்களுக்கு அது வேடிக்கையாகிவிட்டது. அவள் மட்டும் தன் நாக்கையும் வயிற்றையும் மணிக்கட்டையும் கவனித்துக்கொண்டிருப்பாள்.

வெர்னா அந்த ஊரிலேயே பிறந்தவள். பதினாறு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்த சீஸ் தொழிற்சாலையில் பொட்டலம் கட்டப் போனாள். இயந்திரச் சத்தத்தில் அங்கே யார் பேசினாலும் யாருக்கும் கேட்காது. அதனாலேயே அவளுக்கு அந்த வேலை பிடித்திருந்தது. மார்ச் மாதத்து ஊர்க்கூட்டத்தில் சாலைக்குச் சரளை போடுவதற்குக்கூட ஆளாளுக்கு எழுந்து நின்று சண்டை போடுவார்கள். வெர்னா பின்னால் காபிப் பானையோடு நிற்பாள். யார் கையைத் தூக்கினார்கள், யார் பாதி தூக்கிவிட்டு மனைவியின் முகத்தைப் பார்த்துக் கீழே போட்டார்கள் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். அவள் குரல் எப்படி இருக்கும் என்பது அந்த நாளில் ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது.

தீயணைப்பு நிலையத்தின் சமையலறை அவள் கைக்கு வந்ததற்கு அந்த ஓவன்தான் காரணம். ஊர் விருந்தன்று மக்ரோனியை ரொட்டித்தூள் தூவி ஓவனில் வைத்துச் சிவக்க எடுப்பதுதான் முன்பு வழக்கம். ஒரு தடவை ஓவனே தீப்பிடித்துக்கொண்டது. தீயணைப்பு நிலையத்துக்குள்ளேயே தீ. அணைத்துவிட்டார்கள் என்றாலும் பக்கத்து ஊர்க்காரர்கள் இன்றுவரை அதைச் சொல்லிக் கேலி செய்வதை விடவில்லை. அதற்குப் பிறகு யாரும் ஓவனைப் பழுது பார்க்கவில்லை, அடுப்பு மட்டும்தான். அடுப்பிலேயே மக்ரோனி செய்யத் தெரிந்தவள் வெர்னா.

மக்ரோனியை உப்புத் தண்ணீரில் வேகவைத்து, நடுவில் கொஞ்சம் விறைப்பு இருக்கும்போதே வடித்துவிடுவாள். வடித்த தண்ணீரில் ஒரு குவளை எடுத்து வைப்பாள். வெண்ணெயில் மைதாவைப் பச்சை வாசம் போக வறுத்து, பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, கட்டி விழாமல் கலக்குவாள். அது கரண்டியின் முதுகில் ஒட்டி நிற்கும் பதம் வந்ததும் அடுப்பை அணைத்துவிட்டுத்தான் துருவிய செடார் சீஸைக் கொட்டுவாள். தீ எரியும்போது போட்டால் சீஸ் திரிந்து எண்ணெய் வேறு மணல் வேறாகப் பிரிந்துவிடும். கொஞ்சம் கடுகுத்தூள். இறுகினால் அந்த வடித்த தண்ணீர். கடைசியில் அந்தந்தப் பருவத்துக் காய். ஜூலையில் பட்டாணி, ஆகஸ்டில் சோளம், அக்டோபரில் பரங்கிக்காய், குளிர்காலத்தில் நிலவறையில் மணலில் புதைத்து வைத்த காரட்.

மே மாதத் தொடக்கத்தில் அங்கே தோட்டத்தில் ஒன்றும் இருக்காது. காட்டில் காட்டுப்பூண்டு இருக்கும்.

மேப்பிள் மரங்களுக்குக் கீழே, ஓடை திரும்புகிற ஈரமான சரிவில் அது முளைக்கும். ஒவ்வொரு வீட்டுக்கும் அப்படி ஓர் இடம் உண்டு. அதை மாப்பிள்ளைக்குக்கூடச் சொல்லமாட்டார்கள். கிழங்கோடு பிடுங்கினால் செடி அழிந்துபோகும் என்பதால் ஒரு செடிக்கு ஓர் இலைதான் அறுக்க வேண்டும். அதே ஈரத்தில், அதே வாரத்தில், விஷத்தழையும் முளைக்கும். சிறிதாக இருக்கும்போது அதே பச்சை, ஏறக்குறைய அதே அகலம். கிழங்கைத் தோண்டிப் பார்த்தால் எது எதுவென்று தெரிந்துவிடும். தோண்டக் கூடாது என்பதால் எல்லோரும் இலையைக் கிள்ளி மோந்து பார்ப்பார்கள். பூண்டு வாசம் அடித்தால் கூடைக்குள் போகும். அடிக்காவிட்டால் தரையில் போகும். வெர்னாவும் சின்ன வயதிலிருந்து அப்படித்தான் செய்துவந்தாள்.

பல வருஷத்துக்கு முன்னால் ஒரு பச்சைப் பை நாளன்று விடியலிலேயே தூறல். கொசுவைவிடச் சிறிய கறுப்பு ஈக்கள் காதுக்குள்ளும் கண்ணோரத்திலும் மொய்த்தன. வெர்னா குனிந்து, ஒரு கையால் ஈயை ஓட்டிக்கொண்டு, மறு கையால் அறுத்து, மோந்து, கூடையில் போட்டாள். எல்லா இலையும் மணத்தது. ஒன்றைக்கூட அவள் தரையில் போடவில்லை. இந்த வருஷம் நல்ல விளைச்சல் என்று நினைத்துக்கொண்டாள்.

சமையலறையில் இலையை அரியும்போது பலகையிலிருந்து ஒன்றிரண்டு துண்டைப் பச்சையாக வாயில் போட்டுக்கொள்வது அவள் வழக்கம். ஒரு துண்டு கசந்தது. முற்றல் போலிருக்கிறது என்று விழுங்கிவிட்டாள்.

அவள் கணவன் ராய்ஸ் டிரக்கில் பைகளை அள்ளுகிற வேலையில் இருந்தான். கதவுக்குள் தலையை நீட்டினான். "மேல்ரோட்டுக்குப் போறேன். லீலண்டுக்குக் கொடுத்து விடுறியா?"

லீலண்ட் தனியாக இருக்கும் முதியவர். கூட்டம் பிடிக்காது. ஒவ்வொரு வருஷமும் அதே மேல்ரோட்டைத்தான் சுத்தம் செய்வார், வண்டியிலேயே உட்கார்ந்து சாப்பிடுவார். இதயத்துக்கு மாத்திரை போடுகிறவர். வெர்னா ஒரு தகர டப்பாவில் நிறைய அள்ளி, மேலே இன்னொரு கரண்டி வைத்து மூடிக் கொடுத்தாள்.

"எனக்கு?" என்றான் ராய்ஸ்.

"நீ குளிச்சிட்டு வா. டிரக் நாத்தம் இங்க வரைக்கும் வருது."

அவன் போனான். வெர்னா பெரிய தட்டத்தில் மக்ரோனியைக் கொட்டி, கூடத்தைப் பார்த்த திறப்பில் வைத்தாள். வரிசை சேர ஆரம்பித்தது. அவள் கழுவுதொட்டியைத் துடைக்கத் திரும்பினாள்.

தொட்டியின் சுவரில் அரை இலை ஒன்று ஒட்டியிருந்தது. ஜன்னலிலிருந்து வந்த வெளிச்சம் அதன் மேல் விழுந்தது. இலை நெடுகக் கோடுகள். காகித விசிறியை மடித்து விரித்த மாதிரி மடிப்பு மடிப்பாக.

காட்டுப்பூண்டு இலைக்கு மடிப்பு கிடையாது.

அவள் அதை எடுத்துக் கிள்ளி மோந்தாள். பூண்டு வாசம். அப்பாடா என்று மூச்சு விட்டாள். பிறகு, ஏனென்று தெரியாமல், இலை பிடிக்காத இன்னொரு கையை மோந்தாள். அதே பூண்டு வாசம். கம்பளிச் சட்டையின் கையிலும் அதே வாசம்தான்.

இடுக்கியால் அந்த இலையைப் பிடித்து, கழுவிய கரண்டியின் முதுகால் நசுக்கி, கையால் தொடாமல் மூக்கருகே கொண்டுபோனாள். வெறும் புல் வாசம். மறுபடி மோந்தாள். புல்தான். காலையில் முதல் பிடி அறுத்ததுமே விரல் முழுக்கப் பூண்டாகிவிட்டது. அதற்குப் பிறகு அவள் எதைப் பிடித்து மோந்திருந்தாலும், ஒரு துடைப்பத்தைப் பிடித்து மோந்திருந்தாலும், பூண்டுதான் மணத்திருக்கும்.

இது அரை இலை. மற்ற பாதி எங்கே?

திறப்புக்கு அந்தப் பக்கம் டார்லா வரிசையில் முதல் ஆளாக நின்றாள். ஊர் ஆம்புலன்ஸில் தொண்டு வேலை செய்கிறவள், வெர்னாவுக்குப் பள்ளிக்கூடத்துத் தோழி, வாய் ஓயாதவள். தனக்குத் தானே பரிமாறிக்கொண்டிருந்தாள். பின்னால் முழு ஊரும்.

"ஏன்டி வெர்னா, பேயைப் பாத்த மாதிரி நிக்கற? உப்புப் போட மறந்துட்டியா?"

வெர்னா வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. இத்தனை முகங்கள். ஒருவேளை இந்த அரை இலை ஒன்றுதானோ? பானைக்குள் போகவே இல்லையோ? சொல்லிவிட்டுத் தப்பாக இருந்தால்? சொல்லாமல் இருந்து சரியாக இருந்தால்? டார்லா கரண்டியை நிறைத்து வாய்க்குக் கொண்டுபோனாள்.

வெர்னா தட்டத்தின் விளிம்பைப் பிடித்து இழுத்தாள்.

அது பெரிய சத்தத்தோடு தரையில் கவிழ்ந்தது. சூடான சீஸ் அவள் காலணியிலும் சுவரிலும் தெறித்தது. டார்லாவின் கரண்டி வாய்க்கு முன்னால் நின்றது. வெர்னா திறப்பின் வழியாகக் கையை நீட்டி அதைத் தட்டிவிட்டாள்.

"சாப்பிடாதீங்க." அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. "யாரும் சாப்பிடாதீங்க! விஷத்தழை விழுந்திருக்கு!"

கிண்ணங்கள் மேசையில் வைக்கப்படும் சத்தம் ஒவ்வொன்றாகக் கேட்டது. வாயில் வைத்தவர்கள் யாராவது உண்டா என்று டார்லா உரக்கக் கேட்டாள். ஒருவரும் இல்லை. வெர்னாவுக்கு உடனே மேல்ரோடு நினைவுக்கு வந்தது.

"லீலண்ட்," என்றாள்.

மேல்ரோட்டில் தொலைபேசி எடுக்காது. ராய்ஸ் டிரக்கைத் திருப்பிக்கொண்டு அப்போதுதான் வந்து நின்றான். வெர்னா முன்னிருக்கையில் ஏறினாள். டார்லா தன் பையைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் இடித்து உட்கார்ந்தாள்.

"டப்பாவைக் கொடுத்தியா?"

"கொடுத்தேனே. நல்லா பசின்னாரு." ராய்ஸ் இருவர் முகத்தையும் பார்த்தான். "என்ன ஆச்சு?"

டார்லா சொன்னாள். அவன் வண்டியை விரட்டினான். பனி கரைந்த சேற்றில் சக்கரம் வழுக்கியது, வண்டி ஓரத்துக்கும் நடுவுக்குமாகத் தள்ளாடியது. சாலையோரத்தில் லீலண்ட் நிறுத்தி வைத்த பச்சைப் பைகள் ஒன்றன் பின் ஒன்றாக வந்தன. எல்லாம் ஒரே மாதிரி முடிச்சு. வெர்னா அடுத்த பை, அடுத்த பை என்று பார்த்துக்கொண்டே வந்தாள். ஒரு வளைவுக்குப் பிறகு பைகள் இல்லை.

அங்கே அவருடைய வண்டி நின்றது. கதவு திறந்திருந்தது. ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. இருக்கையில் ஆள் இல்லை. வண்டியின் மூக்கின் மேல் தகர டப்பா. வெர்னா எட்டிப் பார்த்தாள். வழித்துத் தின்ற மாதிரி காலியாக இருந்தது.

"லீலண்ட்!" ராய்ஸ் கத்தினான். ஓடைச் சத்தம் மட்டும் கேட்டது.

வெர்னா சாலையின் மறு ஓரத்துக்கு ஓடி, பள்ளத்துக்குள் பார்த்தாள். பழுத்த புல். தண்ணீர். ஒரு கறுப்பு உருவம் கவிழ்ந்து கிடந்தது. அது ஒரு டயர். டயர் அசைந்தது. அதற்குப் பின்னால் இரண்டு கையால் அதைத் தள்ளிக்கொண்டு லீலண்ட் மேலே ஏறி வந்தார்.

"என்னப்பா கும்பலா வந்திருக்கீங்க?" மூச்சு வாங்கினார். "நான் செத்துட்டேனா?"

டார்லா அவர் கையைப் பிடித்து நாடி பார்த்தாள். "அந்த மக்ரோனியச் சாப்பிட்டீங்களா?"

"சாப்பிடாம? வெர்னா கை மக்ரோனிய எவன் விடுவான்? ஆனா ஒண்ணு சொல்றேன் பொண்ணே, கோச்சுக்காத." அவர் வெர்னாவைப் பார்த்தார். "அதுல புல்லைப் போட்டுக் கெடுக்கற. மான் தின்னும் அதை. நான் திங்கமாட்டேன். ஒண்ணு விடாம பொறுக்கிப் போட்டுட்டேன்."

டப்பாவின் மூடி வண்டியின் படியில் இருந்தது. அதில் சீஸ் வழித்த பச்சைத் துண்டுகள் ஒரு சிறு குவியலாகக் கிடந்தன. வெர்னா மண்டியிட்டு ஒரு குச்சியால் அவற்றைப் பிரித்தாள். வழவழப்பானது, வழவழப்பானது, வழவழப்பானது. ஒரு துண்டில் மடிப்பு இருந்தது. இன்னொன்றிலும்.

அப்படியென்றால் அரை இலை மட்டுமல்ல.

"இங்க இருக்கு," என்று சொல்ல வாயெடுத்தாள். நாக்கு தடித்து மரத்துப்போயிருப்பது அப்போதுதான் தெரிந்தது. பள்ளத்தின் ஓரமாகக் குனிந்து வாந்தி எடுத்தாள்.

"பயம்தான். அவ்வளவு நேரம் அடக்கிட்டு இருந்தா," என்றான் ராய்ஸ்.

டார்லா லீலண்டின் கையை விட்டுவிட்டு வெர்னாவின் மணிக்கட்டைப் பிடித்தாள். பிடித்தபடியே இருந்தாள். வெர்னா அவள் முகத்தைப் பார்த்தாள். பள்ளிக்கூடக் காலத்திலிருந்து அந்த வாய் இவ்வளவு நேரம் மூடி அவள் பார்த்ததில்லை.

"அரியறப்ப வாயில போட்டியா?"

வெர்னா தலையாட்டினாள்.

"எவ்வளவு?"

"தெரியல. ஒண்ணு கசந்துச்சு."

"ராய்ஸ், வண்டிய எடு. லீலண்ட், நீங்களும் ஏறுங்க. பேசாம ஏறுங்க."

ஆஸ்பத்திரி பள்ளத்தாக்கின் கடைசியில் இருந்தது. வெர்னா கண்ணாடியில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். மரங்கள் இரண்டிரண்டாகத் தெரிந்தன. காதுக்குள் தன் இதயம் அடிப்பது கேட்டது. ஒன்று அடித்தது. அடுத்தது வருமா என்று காத்திருந்தாள். வந்தது. மறுபடி காத்திருந்தாள். ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு வீட்டைத் தாண்டிப் போகிற அளவு இடைவெளி. டார்லாவின் விரல் மணிக்கட்டிலேயே இருந்தது. பின்னிருக்கையில் லீலண்ட் முணுமுணுத்தார், "டயரை அங்கேயே விட்டுட்டு வந்துட்டோம்."

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள், மருந்து ஏற்றினார்கள், மார்பில் கம்பிகளை ஒட்டினார்கள். இதயம் மறுநாள் ஒழுங்குக்கு வந்தது. லீலண்டையும் படுக்கவைத்துப் பார்த்தார்கள். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. காய்கறி தின்னாததால்தான் பிழைத்தேன் என்று நர்ஸிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு டாக்டர் எது சொன்னாலும் அவர் அதையே சொல்வார்.

ஊரில் யாரும் வெர்னாவைக் குறை சொல்லவில்லை. கேலி செய்தார்கள். அன்று சுவரில் தெறித்த சீஸில் ஒரு தீற்றல் கூரைக்குக் கீழே யாரும் எட்டாத இடத்தில் இருந்தது. அதைத் துடைக்க வேண்டாம் என்று டார்லா தடுத்துவிட்டாள். "வெர்னா முதமுதலா வாயத் தொறந்த நாளுக்கு ஒரு அடையாளம் வேணும்" என்றாள்.

அடுத்த வசந்தத்தில் ராய்ஸ் அவளை அந்த ஓடைச் சரிவுக்கு அழைத்துப் போனான். பயத்தை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிடலாம் என்றான். அவள் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். பச்சைப் பச்சையாக எங்கும் இலை. வழவழப்பானதும் மடிப்பு உள்ளதும் ஒன்றோடொன்று தோள் உரசி முளைத்திருந்தன. காற்று அடித்ததும் எல்லாம் ஒன்றாக அசைந்தன. அவளுக்கு எது எதுவென்று தெரியவில்லை. இத்தனை வருஷமும் தனக்குத் தெரிந்தா இருந்தது, இல்லை, தப்பித்துக்கொண்டிருந்தாளா என்பதும் தெரியவில்லை.

"ஒண்ணே ஒண்ணு பறி," என்றான் ராய்ஸ்.

"வேண்டாம். வீட்டுக்குப் போலாம்."

வேறு யாராவது சமைக்கட்டும் என்று அவள் சொல்லிப் பார்த்தாள். அடுப்பில் வைத்து யாரோ கிண்டினார்கள், சீஸ் திரிந்துபோனது. ஊர் அவளைத்தான் கேட்டது. அவள் ஒப்புக்கொண்டாள். அந்த வருஷத்துப் பச்சைப் பை நாளன்று, எல்லோரும் சாலையில் இருக்கும்போதே, முதல் கிண்ணத்தை அள்ளி, இரும்பு நாற்காலியில் உட்கார்ந்து, அவளே தின்று முடித்து, நெஞ்சைக் கேட்டுக்கொண்டு காத்திருந்தாள். அன்று ஆரம்பித்த வழக்கம்.

லீலண்ட் போன குளிர்காலத்தில் தூக்கத்தில் இறந்துபோனார். மேல்ரோட்டை இப்போது ராய்ஸ் சுத்தம் செய்கிறான். இந்த வருஷமும் மக்ரோனி வெர்னாதான் செய்தாள். கடையில் பை கட்டி விற்கிற பட்டாணிதான் போட்டாள். காட்டிலிருந்து ஓர் இலைகூட இப்போது அந்தச் சமையலறைக்குள் வருவதில்லை. ஆனாலும் முதல் கிண்ணத்தை அவள்தான் சாப்பிடுகிறாள், அவள் எழுந்த பிறகுதான் ஊர் தட்டை எடுக்கிறது.